ஒன்பதாவது வாரத்து வியாழன்

சவரிமுத்துவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றதும், அமலோற்பவம் கையிலிருந்த டம்ளரைச் சத்தம் வராமல் மேடையில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே அவர் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைக்கும் ஓசை கேட்டது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் ஒருமுறைகூட அவளிடம் குரலை உயர்த்திப் பேசாத மனிதர் அவர்.

“அமலி, வெண்டைக்கா நல்ல பிஞ்சா கிடைச்சுது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், கதவிடுக்கில் அவளைப் பார்த்துத் திகைத்து நின்றார். “இங்க என்ன பண்றே?”

“பல்லி” என்றாள்.

அவர் கதவை விலக்கிப் பல்லியைத் தேடினார். அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எந்தப் பக்கம் அசைகிறது என்பதிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து நாற்பத்தைந்து.

அமலோற்பவத்துக்கு நாற்பத்தாறு வயது. திருச்சி ரயில்வே கண்ட்ரோல் அலுவலகத்தில் வேலை. எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும், எதை முன்னால் விட வேண்டும் என்று தொலைபேசியில் உத்தரவு கொடுப்பவள். இரண்டு எக்ஸ்பிரஸ்களும் ஒரு சரக்கு வண்டியும் ஒரே சமயத்தில் ஒரே பாதையைக் கேட்கும்போதும் அவள் குரல் ஏறாது என்று அலுவலகத்தில் பெயர். போன வருஷம் மூளையின் அடியில், மூக்குக்குப் பின்புறமாக, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி வந்தது. அதை எடுத்தபோது பிட்யூட்டரி சுரப்பியும் சேர்ந்து போய்விட்டது. அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸிலும் பாதி கருகிவிட்டது.

அது என்ன இழப்பு என்பதை டாக்டர் தில்லைநாயகிதான் அவளுக்குப் புரியும்படி சொன்னார்.

“ஹைப்போதலாமஸ்ங்கறது உங்க கண்ட்ரோல் ஆபீஸ் மாதிரி. உடம்புல எல்லாச் சேதியும் அங்கதான் வரும். சூடு, பசி, பயம், தூக்கம். அதைப் பாத்து அது பிட்யூட்டரிக்கு உத்தரவு கொடுக்கும்.”

“பிட்யூட்டரி ஸ்டேஷன் மாஸ்டர்” என்றாள் அமலோற்பவம்.

“அதேதான். அவர் கொடி காட்டினாதான் கீழ இருக்கற சுரப்பிங்க எல்லாம் நகரும். தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாம்.”

“வண்டி வந்து சேந்துதுன்னு கண்ட்ரோலுக்குத் தகவல் திரும்பி வரணுமே டாக்டர். இல்லாட்டி அடுத்த வண்டியை எப்படி விடறது?”

“வரும். ரத்தத்துல ஹார்மோன் போதுமான அளவு ஏறினதும் மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். உத்தரவை நிறுத்திடுவாங்க. நாள் பூரா இந்தப் பேச்சுவார்த்தை நடந்துட்டே இருக்கும்.”

“எனக்கு இப்ப ரெண்டு பேருமே இல்ல.”

“இல்ல” என்றார் டாக்டர்.

மாத்திரைகளில் மூன்று மாதம் ஓட்டினாள். உயிரோடு இருந்தாள், அவ்வளவுதான். காலையில் எழ முடியாது. அழுகை வர வேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது. அம்மாவின் நினைவுநாள் பூசைக்கு மாதா கோயிலில் முழந்தாளிட்டபோது, நினைவு வந்ததே தவிர அதன் பின்னால் எதுவும் வரவில்லை. பிறகுதான் அந்தக் கருவியை வைத்தார்கள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், பாதி தீப்பெட்டி அளவில் இருந்தது. மூளை சொல்ல வேண்டிய உத்தரவுகளை அது நேரம் தவறாமல் ரத்தத்தில் கலக்கும். எப்போது எவ்வளவு என்பதற்கு அதற்குள் ஒரு தாளம் பதிந்திருந்தது. நோயாளிகள் அதை ‘டேப்பு’ என்றார்கள்.

டேப்பு அவளைத் திருப்பித் தந்தது. காலை நாலே முக்காலுக்குத் தானாக விழிப்பு வந்தது. சாம்பாரில் பெருங்காயம் மணத்தது. பின்பு, கொஞ்சம் கொஞ்சமாக, இந்த ஐந்து நாற்பது வந்தது. முதலில் லேசான கலக்கம்தான். மருந்தின் சூடு என்று நினைத்தாள். ஆனால் தினமும் அதே நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்க, அவள் உடம்பு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது.

கதவுக்குப் பின்னால் நின்ற மறுநாள், அலுவலகத்தில் வீணாகிப்போன ஒரு வரைதாளை எடுத்துவந்தாள். அந்தத் தாளில் நேரம் குறுக்கே ஓடும், ரயில்கள் சாய்கோடுகளாக ஏறி இறங்கும். அவள் அதில் தன் உடம்பை வரைய ஆரம்பித்தாள்.

மூன்று மாதத்துக்கு மேல் வரைந்தாள். கிடைத்த படம் அவளுக்குப் பிடிக்கவில்லை. காலை நாலே முக்காலுக்கு ஏற்றம். பதினொரு மணிக்கு ஒன்றுமில்லாத சமவெளி. மாலை நாலு பத்துக்கு, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு கனிவு. நெஞ்சு இளகி, யாரையாவது மடியில் இழுத்து வைத்துத் தலை கோத வேண்டும் போலிருக்கும். அமலோற்பவத்துக்குக் குழந்தை கிடையாது. அந்த நேரத்தில் அவள் தலையணை உறையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பயம் வரும். சனிக்கிழமைகளில் அது இன்னும் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அடையும்வரை இறங்கவே இறங்காது.

இரண்டே இரண்டு நாட்கள் மட்டும் படத்துக்கு ஒட்டாமல் நின்றன. ஜூலை பதினேழு, அக்டோபர் பதினாறு. இரண்டும் வியாழன். இரண்டுக்கும் நடுவே சரியாகத் தொண்ணூற்றொரு நாள். இரண்டிலும் மாலை ஐந்து நாற்பத்தாறுக்குக் கோடு செங்குத்தாக எகிறியது. அப்புறம் விழுந்தது. விழுந்த இடத்தில் அப்படி ஓர் அமைதி. அவள் வாழ்க்கையில் எந்தப் பூசையிலும், எந்தக் கடற்கரையிலும் அப்படி ஒன்றை அனுபவித்ததில்லை. உடம்பின் ஒவ்வொரு தசையும் கட்டவிழ்ந்து, இனி எதுவும் வராது, யாரும் வரமாட்டார்கள் என்று யாரோ உள்ளிருந்து சொன்ன மாதிரி. ஏறக்குறைய ஆறரை வரை அது இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வாரம், ஐந்து நாற்பதுக்குப் பயமே வரவில்லை. பின்னர் ஒரு திங்கட்கிழமை மறுபடி தொடங்கியது.

சவரிமுத்து பாலிடெக்னிக்கில் பயிற்றுநர். லேத்தில் இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மனைவி தேய்வது அவருக்குக் கேட்காமல் இருக்குமா.

“நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றார் ஒரு நாள். “உன்மேல நான் என்னைக்காவது கையை ஓங்கியிருக்கேனா?”

“என்னங்க இது.”

“ஓங்கினவன பாக்கற மாதிரி பாக்கறியே. கிட்ட வந்தா தோள குறுக்கிக்கறே. நேத்து தண்ணி கேட்டேன், உன் கை நடுங்கினதுல பாதித் தண்ணி கீழ.”

அவள் வரைதாளை எடுத்து விரித்தாள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். ஐந்து நாற்பதில் தினமும் எழுந்து நிற்கும் கோடுகள் வேலிக் கம்பிகள் மாதிரி இருந்தன.

“இது நான் வர்ற நேரம்.”

“நீங்க இல்ல. நீங்க வராத அன்னைக்கும் வருது. உங்க சித்தப்பா காரியத்துக்கு மூணு நாள் போனீங்களே, அப்பவும் கதவைத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.”

அவர் அடுத்த வாரமே முதல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, சரியாக நாலு பத்துக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினார். அந்த நேரத்துக் கனிவோடு அவள் கதவைத் திறந்தாள். அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். சில நாள் அவர் அதில் சந்தோஷமாக இருந்தார். பிறகு ஒரு நாள் காபியை ஆற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“நீ என்னைப் பாத்து சிரிக்கறியா, நாலு பத்தைப் பாத்து சிரிக்கறியா?”

அன்றே டாக்டருக்குப் போன் செய்தாள்.

மறுநாள் மருத்துவமனையில் தில்லைநாயகி வரைதாளைப் பார்த்ததும் மேஜை விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட்டார். அவர் தடுமாறும்போது செய்கிற காரியம் அது.

“இதை நீங்களே கண்டுபிடிச்சீங்களா?”

“எனக்கு இதுதானே டாக்டர் வேலை. எந்த வண்டி யாரோடதுன்னு தெரியணும். இது யாரோட வண்டி?”

“கணக்குப் போட்டு ஒரு தாளம் செஞ்சு பாத்தோம். உடம்பு ஏத்துக்கல. இயந்திரம் சொல்ற உத்தரவுன்னு எப்படியோ அதுக்குத் தெரிஞ்சிடுது. அதனால நிஜமா வாழற ஒரு உடம்புலேருந்து எடுத்தோம். பன்னெண்டு பேர் முன்வந்தாங்க. எல்லாரும் ஆரோக்கியமானவங்க. தோள்ல பதிவு பண்ற பட்டி ஒண்ணு ஒட்டிக்கிட்டு பதிமூணு வாரம் அவங்க பாட்டுக்கு இருந்தாங்க. முழு வாரக் கணக்கு, அதனால ஞாயிறு ஞாயித்துக்கிழமையே வரும். முடிஞ்சதும் திரும்ப முதல்லேருந்து ஓடும். பன்னெண்டுல ஒருத்தரோட தாளம்தான் எல்லா நோயாளிக்கும் ஒத்துப்போச்சு. எல்லாருக்கும் ஒரே நாள்ல ஒரே இடத்துல ஓடற மாதிரி வெச்சிருக்கோம்.”

“ஏன் அவங்களோடது மட்டும்?”

“தெரியல. தாங்கற உடம்பு போல.”

“தெனம் அஞ்சு நாப்பதுக்கு அந்தப் பொம்பளைய யாரோ அடிச்சிருக்காங்க டாக்டர்.”

“பொம்பளைன்னு நான் சொல்லலியே.”

“நாலு பத்துக்கு ஸ்கூல் விட்டு ஒரு புள்ளை வருது” என்றாள் அமலோற்பவம்.

டாக்டர் வரைதாளை மடித்து அவளிடம் நீட்டினார். “அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின பதிவு. இப்ப அவங்க நல்லா இருக்காங்க. அதுக்கு மேல கேக்காதீங்க” என்றார்.

நவம்பர் கடைசியில் கருவி வைத்தவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். இதுவரை தனித்தனியாக வந்துபோனவர்கள், முதல் முறையாக ஒரே கூடத்தில். அமலோற்பவத்துக்குப் பக்கத்து நாற்காலியில் காதர் மொய்தீன் என்ற பெரியவர், துவரங்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். வழக்கமாக ரத்தம் எடுக்கும் பவளக்கொடி ஒவ்வொருவராக வந்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஊசி ஏறுவதே தெரியாத கை. ‘வலிக்குதா’ என்று கேட்கமாட்டாள், முகத்தை மட்டும் பார்ப்பாள்.

“பாய், உங்களுக்கும் அஞ்சு நாப்பது உண்டா?” என்று அமலோற்பவம் மெல்லக் கேட்டாள்.

“இல்லாமயாம்மா. ஆலையை அஞ்சரைக்கே பூட்டிட்டு உள்ள உக்காந்துடுவேன். கணக்குப்பிள்ளை என்னைப் பைத்தியம்னு நினைக்கிறார்” என்று சிரித்தார். பின் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒரு வியாழக்கிழமை வருது பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை. அன்னைக்கு நான் புதுச்சட்டை போட்டுக்குவேன். வீட்டுல பாயசம் வைக்கச் சொல்லிடுவேன். அதுக்காகவே மத்த நாளையெல்லாம் ஓட்டறேன். அல்லாஹ் எனக்குன்னு எழுதிவெச்ச நாப்பது நிமிஷம்.”

முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் திரும்பி, “எனக்கும்” என்றாள்.

நாலு பத்துக்குக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி வந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயது. முப்பத்தெட்டுப் பேரும் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அரிசி ஆலைக்காரர், கல்லூரிப் பெண், போலீஸ்காரர் ஒருவர், எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. பெற்றவள் சிரிக்கும் சிரிப்பு. சிறுமி மிரண்டு பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் இருந்த ஆய்வக அறைக்குள் ஓடிவிட்டாள். அமலோற்பவம் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். தன் முகத்திலிருந்த சிரிப்பையும் அவளால் எடுக்க முடியவில்லை.

பரிசோதனைகள் இழுத்துக்கொண்டே போயின. ஐந்தரைக்குப் பேச்சு குறைந்தது. ஐந்து முப்பத்தெட்டுக்குக் கூடம் முழுக்க ஓசை நின்றது. யாரோ கைப்பேசியை அணைத்தார்கள். ஐந்து நாற்பதுக்கு முப்பத்தெட்டுத் தலைகளும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பின. மூடிய கதவு. அதற்கு வெளியே யாரும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். போலீஸ்காரரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது.

அமலோற்பவம் ரயில்வேக்காரி. எல்லாச் சிக்னலும் ஒரு பக்கம் விழும்போது விழாத ஒன்று அவள் கண்ணில் படும். கூடத்தில் ஒரே ஒரு ஆள் கதவைப் பார்க்கவில்லை. தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு சுவரோரமாக நின்ற பவளக்கொடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய பழைய போட்டோவைக் கண்டவள் போல, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், அமலோற்பவத்தின் கண்ணைச் சந்தித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் கருவி செய்த நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி, மடிக்கணினி, அளந்து பேசும் குரல். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அமலோற்பவத்தின் முறை வருவதற்கு முன்பு, தில்லைநாயகி அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு எனக்குத் தெரியும். அதனால மீதியையும் சொல்லிடறேன். பவளக்கொடியோட வீட்டுக்காரர் அந்தப் பதிவு ஓடிட்டிருந்தப்பதான் இறந்தார். ஹார்ட் அட்டாக். ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை.”

“அஞ்சு நாப்பத்தாறுக்கு” என்றாள் அமலோற்பவம்.

“இங்கேருந்துதான் ஆம்புலன்ஸ் போச்சு. அவ போன் பண்ணினது ஆறு இருபத்தேழுக்கு. நான் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்ததே போன மாசம்தான்.”

நாற்பத்தொரு நிமிடம். அமலோற்பவம் மனதுக்குள் அந்த வீட்டைப் பார்த்தாள். வாசலில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். எதிரே ஒருத்தி நிற்கிறாள். முதலில் பதறுகிறாள். பிறகு உட்காருகிறாள். அவள் உடம்பில் வருஷக்கணக்காக இறுகிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்கிறது. போன் பக்கத்திலேயே இருக்கிறது.

காதர் பாயின் புதுச்சட்டை அவளுக்கு ஞாபகம் வந்தது. கூடவே, தான் அக்டோபரில் அந்த நேரத்தில் ஜன்னலருகே உட்கார்ந்து, ‘ஆண்டவரே, இது முடியவே வேண்டாம்’ என்று வேண்டிக்கொண்டதும்.

“அந்த அதிகாரி என்ன கேப்பாரு?”

“பதிவுல அந்த வியாழன் மட்டும் கோடு எகிறி நிக்குது, பட்டி கோளாறா நிஜமான்னு அவங்களுக்குத் தெரியல. அந்த நாள்ல உங்களுக்கு ஏதாவது வித்தியாசமா இருந்துச்சான்னு கேப்பாரு. இருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னாலும் பதிவைத் திரும்ப எடுத்துக்குவாங்க. போலீஸுக்கும் போகும். நீங்க முப்பத்தெட்டு பேரும் புதுத் தாளம் கிடைக்கற வரைக்கும் மாத்திரைக்குத்தான் போகணும். ஒரு வருஷம் ஆகலாம்.” அவர் விளக்கை அணைத்துப் போட்டார். “என்ன சொல்லணும்னு நான் சொல்லமாட்டேன். சொல்ற தகுதி எனக்கு இல்ல.”

அதிகாரியின் முன்னால் அமலோற்பவம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கேட்டார். அவள் சொன்னாள்: “ஒண்ணும் இல்ல சார். எப்பவும் போலத்தான்.”

அவர் மடிக்கணினியில் அவளுடைய கருவி காட்டிய கோட்டைப் பார்த்தார். “பதட்டமே இல்லாம பதில் சொல்றாங்க” என்றார் திருப்தியாக.

“அந்தக் கோடு அவங்களோடது இல்லையே சார்” என்றார் பக்கத்தில் இருந்த டாக்டர், வறண்ட குரலில்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. போலீஸ்காரர்கூட, ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதிகாரி பதிவுக்கு நற்சான்று எழுதிவிட்டு ஊர் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அமலோற்பவம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு இருந்தார்.

“அவ மேல இரக்கப்பட்டுச் சொல்லாம விட்டியா?”

“அப்படித்தான் நினைச்சேன். இங்க வர்ற வழியில யோசிச்சா வேற மாதிரி தோணுது. ஜனவரி பதினஞ்சுல அந்த வியாழன் மறுபடி வருது. அது போயிடுமேன்னு பயந்து சொல்லாம விட்டேனோ என்னவோ. இல்ல, நாப்பது நிமிஷம் ஒருத்தன் சாகறதைப் பாத்துட்டு உக்காந்திருந்த அந்த அமைதிதான் என் வாயை மூடிச்சோ. எது நான்னு எனக்குப் பிரிக்கத் தெரியலங்க.”

சவரிமுத்து அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முற்பகலில் அவள் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். ஆய்வகத்தில் கூட்டம் இல்லை. பவளக்கொடி கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அமலோற்பவத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ரத்தம் எடுக்கணுமாக்கா?”

“இல்ல. யாரும் ஒண்ணும் சொல்லல பவளம். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ நிம்மதியா இருக்கலாம்.”

பவளக்கொடி கையிலிருந்த சீட்டைக் குழாயில் ஒட்டினாள். கோணலாகிவிட்டது. கிழித்து மறுபடி ஒட்டினாள்.

“டாக்டரம்மா சொன்னாங்க. முப்பத்தெட்டு பேருமேன்னு.”

“ஆமா.”

“அந்தப் பட்டி தோள்ல ஒட்டியிருந்துச்சுக்கா” என்றாள் அவள், தலை நிமிராமல். “ஒரு இழுப்புல கழட்டிருக்கலாம். ஒட்டு விட்டுப்போச்சுன்னு சொன்னா நம்பிருப்பாங்க. குளிக்கறப்ப கழண்டு விழறது சகஜம்தான். அவர் கீழ கிடக்கறாரு, என்னைப் பாக்கறாரு, நான் பட்டி மேல கையை வெச்சேன். அப்புறம் கையை எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“யாராவது ஒருத்தராச்சும் பாக்கட்டும்னுதான். அதுக்கப்புறம் போலீஸ் வந்தாங்க. அழுதேன். பாவம்னுட்டுப் போயிட்டாங்க. மாமியா என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. என் பொண்ணு, அம்மா நீ சாப்பிடும்மான்னு ஊட்டி விட்டா. ஒருத்தரும் என்னைக் கேக்கல. சரி, உடம்புல எழுதி வெச்சதை ஒரு நாள் யாராவது படிப்பாங்கன்னு காத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் உங்க எல்லாருக்கும் உள்ள வெச்சாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, நம்புவீங்களா? முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தராச்சும் வந்து, என்னடி பண்ணினேன்னு கேக்காமயா போயிடுவாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஊசி போடறப்ப மூஞ்சியைப் பாப்பேன்.” அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. “நீங்க என்னடான்னா அன்னைக்குப் பாயசம் வைக்கிறீங்க.”

சுவரில் மணி பதினொன்று. அமலோற்பவத்தின் முழங்கால் நடுங்கியது. உள்ளங்கை வியர்த்திருந்தது. அவளுடைய வரைதாளில் பதினொரு மணிக்கு எதுவுமே கிடையாது. வெறும் சமவெளி. டேப்பில் இல்லாத இந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறதென்று அவள் ஒரு கணம் கவனித்தாள். பிறகு எழுந்துபோய் ஆய்வகத்தின் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பவளக்கொடிக்கு எதிரே, முழங்கால்கள் தொடும்படி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னடி பண்ணினே?” என்று கேட்டாள்.

பவளக்கொடியின் உதடு ஒருமுறை கோணியது. மேஜைமேல் இருந்த குழாய்களை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மத்தியானம் நெத்திலி வாங்கிட்டு வந்தேன்கா” என்று ஆரம்பித்தாள். “அவருக்குப் பிடிக்கும்னு.”